நூற்று நான்கு தலைக்கட்டும் ஐந்து மணி வண்டியும்

வெளியூர் போனால் எல்லாரும் கோயிலைப் பார்ப்பார்கள், கடலைப் பார்ப்பார்கள், துணிக்கடையைப் பார்ப்பார்கள். நான் பஸ் நிலையத்தைப் பார்ப்பேன். மலேசியாவில், கிள்ளானில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக நேர அட்டவணை போடுகிறவள் நான். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணி எண்ணி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் வரிசைக்கு எத்தனை இலை என்று கண் தானாக ஓடும். உனக்கு இது வியாதி என்பாள் என் தங்கை. இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த முறை சென்னைக்குக் கிளம்பும்போது எங்கள் பட்டறை மெக்கானிக் முருகன் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து நீட்டினார். உள்ளே ஒரு ஜோடி சேஃப்டி ஷூ. முனையில் இரும்பு வைத்தது, பெண்கள் அளவு. "எம்பொண்ணுக்கு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைல வேல கெடச்சிகீதுக்கா. புதன்கெழம சேரணும். கொஞ்சம் ஊட்ல குடுத்துடுங்க" என்றார். ஆறு வருடமாக மகளை வீடியோவில் மட்டும் பார்க்கிற மனிதர். மறுக்க முடியுமா? போகிற போக்கில் கொடுத்துவிட்டு, மீதி நாட்களில் மகாபலிபுரம், காஞ்சிபுரம் என்று சுற்றலாம் என்று நினைத்தேன். இரண்டையும் இன்றுவரை பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் மகளிர் பெட்டியில் ஏறினேன். ஏறியதிலிருந்து எனக்குக் கொண்டாட்டம்தான். எதிரில் ஒரு அம்மா மடியில் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மீஞ்சூர் தாண்டுவதற்குள் ஒரு கட்டு முடிந்தது. கவரைப்பேட்டைக்கு முன்னால் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட வண்டி நின்றது. நின்றது, நின்றது, இருபத்தைந்து நிமிடம் நின்றது. நானாக இருந்தால் அதற்குள் மூன்று பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருப்பேன். பெட்டியில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கீரை அம்மா இரண்டாவது கட்டைப் பிரித்து, பாதியை என் மடியில் வைத்தார். நானும் உருவினேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அத்தனை கம்பெனி வேன்கள். ஷிப்டு முடிந்து இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுத் தூக்கு. டீக்கடைப் பலகையில் தமிழ், தெலுங்கு, இந்தி, அதற்குக் கீழே ஜாங்கிரி மாதிரி வளைந்த ஒடியா எழுத்து. இரண்டு இளைஞர்கள் இந்தியில் ஏதோ கேட்க, கடைக்காரர் இந்தியிலேயே திட்டினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "சக்கர போடாதன்றான், போட்டப்பறம் சொல்றான். அதான் நாளைலேர்ந்து சொம்புல சக்கரைய தனியா குடுக்கறேன்னு சொன்னேன்" என்றார். பூரியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறியில் ஆந்திரா எல்லை தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊர் பரோட்டாவான ரொட்டிச் சானாய்க்குத் தொட்டுக்கொள்ளும் சாம்பார் இதன் முன் பச்சைக்குழந்தை.

அங்கிருந்து எளாவூருக்கு ஷேர் ஆட்டோ. டிரைவரோடு சேர்த்துப் பதினொரு பேர் என்று எண்ணினேன். நடுவழியில், லாரிகள் காற்றை வாரி அடிக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில், ஆட்டோ இருமி நின்றது. எல்லாரையும் இறக்கிவிட்டார் டிரைவர். இரண்டு பேரைக் கூப்பிட்டு ஆட்டோவை ஒரு பக்கமாகச் சாய்த்து, நன்றாக உலுக்கி, மறுபடி நிமிர்த்தினார். வண்டி கிளம்பிவிட்டது. டாங்க்கின் மூலையில் ஒளிந்திருந்த பெட்ரோலாம். பட்டறையில் முருகனிடம் இதைச் சொன்னால், எங்க ஊர்ல பொறந்த கொழந்தைக்கே தெரியும்க்கா என்பார்.

பக்கத்தில் இரண்டு பெண்கள் தெலுங்கில் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். டிரைவர் கண்ணாடியில் சிரித்தார். "இந்தம்மா பொட்டிய கொயந்த மாதிரி மடில வெச்சினுகீதே, உள்ள இன்னா கீதுன்னு கேக்கறாங்க" என்று மொழிபெயர்த்தார். ஷூ என்றேன். அதை அவர் தெலுங்கில் சொல்ல, அந்தப் பெண்களுக்கு என் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

எளாவூரில் சோதனைச்சாவடிப் பக்கம் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. முருகனின் ஊர் ஈச்சங்கண்டிகை அங்கிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். பஸ் எப்போது என்று பெட்டிக்கடையில் கேட்டேன். "காத்தால எட்டு மணி வண்டி போய்ட்ச்சி. சாயங்காலம் ஆறேகால் வண்டி வரும்" என்றார். மணி அப்போது பன்னிரண்டு. ஒரு ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டே நடை என்றால் என் போன்றவளுக்கு அது கிட்டத்தட்ட அவமானம். ஆனால் உள்ளுக்குள் ஒரு பரபரப்பும் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

முருகனின் மகள் ரேவதி என்னை அழைத்துப் போக நடந்தே வந்திருந்தாள். இருபது வயது, டிப்ளமோ முடித்தவள், வேக நடை. "அத்த, பொட்டிய குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். வழி நெடுக இரண்டு பக்கமும் கதிர் பிடித்த நெல். தெருவிளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை. நடுவில் செங்கல் சூளைக்குப் போகும் லாரித் தடம் குறுக்கே வருகிறது. பகலில் அழகான பாதை. அழகைச் சொன்னேன். "இருட்டுல வந்து பாருங்க" என்றாள்.

வீட்டில் முருகனின் மனைவி கஸ்தூரி பழவேற்காட்டு இறாலைத் தொக்கு செய்து, கோங்குராக் கீரை கடைந்து, சோறு குவித்து வைத்திருந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரேவதி ஷூவை மாட்டிப் பார்த்தாள். கச்சிதம். இரண்டடி நடந்தாள், டக் டக் என்று சத்தம். உடனே கழற்றி, காகிதத்தைச் சுற்றி, பெட்டியில் பழையபடி வைத்து மூடினாள்.

"ஏம்மா, போட்டுப் பழகு. இல்லேன்னா முதல் நாள் கடிக்கும்" என்றேன்.

"வேலைக்குப் போனாதான் போடுவேன் அத்த."

போனால்தான் என்றால் என்ன அர்த்தம்? கஸ்தூரிதான் சொன்னார். வேலை காலை ஆறு மணி ஷிப்டு. கம்பெனி வேன் ஐந்தரைக்கு எளாவூர் கூட்டுரோட்டுக்கு வரும், ஊருக்குள் வராது. ஈச்சங்கண்டிகைக்கு முதல் பஸ்ஸே எட்டு மணிக்கு. "அந்த மூணு கிலோமீட்டர இருட்டுல தனியா இவள அனுப்பிட்டு நான் எப்டிக்கா ஊட்ல குந்திகினு இருப்பேன்? வண்டி வந்தா வேல. வரலன்னா வேணாம்னு இவங்கப்பாவே சொல்லிட்டாரு." புதன்கிழமை சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று கம்பெனிக் கடிதத்திலேயே இருந்தது. முருகன் என்னிடம் ஷூவைக் கொடுத்தபோது இதைச் சொல்லவில்லை. மகளை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, போகத்தான் போகிறாள் என்று ஷூவும் வாங்கி அனுப்பியிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நல்லவேளை, தொக்கின் காரம் என்று சமாளித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பியிருக்க வேண்டும். காலையில் மார்கழிப் பாட்டு ஒலிபெருக்கியில் அலற, நாலேமுக்காலுக்கே முழித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் வெளிச்சப் புள்ளிகள் வரிசையாக நகர்ந்தன. செல்போன் விளக்குகள். எண்ணினேன், இருபத்தாறு. "ஒடிசாக்காரங்க. லைன் ஊட்ல கீறாங்க. தெனோம் நடந்துதான் கூட்டுரோடு போவாங்க" என்றாள் ரேவதி பின்னாலிருந்து. அவர்களோடு போகலாமே என்று நான் கேட்க நினைத்ததை அவளே சொன்னாள்: "நான் போவேன் அத்த. ஊரு இன்னா பேசும்னு அம்மா பயப்படுது."

இருபத்தாறு பேர் ஐந்து மணிக்கு ஒரே திசையில் நடக்கிறார்கள், அங்கே பஸ் இல்லை! என் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. மகாபலிபுரம் மனதிலிருந்து கழன்று விழுந்தது.

இந்த ஊரார் பஸ் கேட்கவே இல்லையா? கேட்டார்களாம். மனு எழுதியவர் கோயில் நோட்டு வைத்திருக்கும் ஏகாம்பரம். அறுபதைத் தாண்டிய நெல் விவசாயி. ஊரில் எல்லாருக்கும் அவர் நைனா. அவர் வீட்டுக்குப் போனோம். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் ஒரு ஊரையே தூக்கிச் சுமக்கிற களைப்பு. பஸ் பணிமனையிலிருந்து வந்த பதிலைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினார். மனுவில் கண்டபடி ஊரின் மக்கள் தொகை நூற்று நான்கு மட்டுமே என்பதால் அதிகாலை நடை சாத்தியமில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தது.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நூற்று நான்கா? முந்தின நாள் தண்ணீர் டாங்க் பக்கத்தில் மட்டும் முப்பத்தேழு பேரைப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளே ஐம்பதுக்கு மேல்.

"நைனா, இந்த நூற்று நான்கை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்கேர்ந்துன்னா இன்னாம்மா? கோயில் நோட்டுலேர்ந்துதான். நம்ம ஊரு நூத்திநாலு தலைக்கட்டு. எங்கப்பா காலத்துல எண்பது இருந்துது" என்றார் பெருமையாக.

தலைக்கட்டு! எனக்குக் கிள்ளானில் கோயில் கமிட்டிக்காரர்கள் மூலம் அந்தச் சொல் தெரியும். திருவிழாவுக்கு ஊரைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும் கணக்கு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஒன்று, பன்னிரண்டு பேர் இருந்தாலும் ஒன்று. அரசாங்கம் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு இவர் திருவிழாக் கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறார். பஞ்சாயத்துக் கணக்கிலும் ஈச்சங்கண்டிகை தனியாக இல்லை. பக்கத்துப் பெரிய ஊரோடு சேர்த்தே இருக்கிறது. கேள்வி கேட்க ஆளில்லை.

"புருஷன் செத்துப்போன பெண்கள்?"

"அவங்க அரைத் தலைக்கட்டு."

"கல்யாணமாகாத ஆண்கள்?"

"தலையே ஆவலயே, எப்டி எண்றது?"

"கல்யாணமாகாத பெண்கள்? லைன் வீட்டில் இருக்கிற ஒடிசாக்காரர்கள்?"

நைனா ரேவதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மலேசியாம்மா, நீ இன்னா கோர்ட்டுல கேக்கற மாரி கேக்கற?"

"சரி, முருகன்?"

"முருகன் முழுத் தலைக்கட்டு" என்றார் சட்டென்று.

ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறு வருடமாகக் கிள்ளானில் என் பஸ்ஸில் ஏறி இறங்கும் மனிதரை ஈச்சங்கண்டிகையில் எண்ணியிருக்கிறார்கள். இங்கே பஸ் இல்லாமல் நிற்கும் அவர் மகள் கணக்கிலேயே இல்லை. "நைனா, பஸ்ஸில் ஏறாதவர்களாகப் பார்த்து எண்ணியிருக்கிறீர்கள். ஏறுகிறவர்களைத்தான் எண்ண வேண்டும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. "தப்பு பண்ணிட்டேன்றியா?" என்றார் மெதுவாக. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கம்பெனியில் நான் ஒருமுறை ரமலான் மாத அட்டவணையைப் பழைய தேதிகளோடு அச்சடித்து விட்ட கதையைச் சொன்னேன். அவர் ரசித்துச் சிரித்தார். அதற்கப்புறம் நாங்கள் சிநேகிதர்கள்.

சனியும் ஞாயிறும் எண்ணினோம். அடடா, எத்தனை காலம் ஆயிற்று நான் இப்படி வெயிலில் நடந்து தலை எண்ணி. ரேவதி நோட்டு எழுத, நான் கேட்க, நைனா ஒவ்வொரு வாசலிலும் என்னை அறிமுகப்படுத்தினார். "இது மலேசியாலேர்ந்து பஸ்ஸு இட்டார வந்துகீது" என்பார். முதல் வீட்டிலேயே ஒரு தலைக்கட்டுக்குள் பதினொரு பேர் இருந்தார்கள். இரண்டாவது வீட்டில் மோர், மூன்றாவது வீட்டில் கேழ்வரகுக் கூழும் நெத்திலிக் கருவாடும், நான்காவது வீட்டில் மறுபடி கூழ். ஐந்தாவது வீட்டில் எதுவும் வேண்டாம் என்றேன். அந்த அம்மா கோபித்துக்கொண்டு வயதையே தப்பாகச் சொன்னார்.

அரைத் தலைக்கட்டு சரசா தினமும் விடிவதற்குள் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி எடுத்து வந்து விற்பவர். எப்படிப் போகிறீர்கள் என்றேன். "பால் வண்டி வந்தா பால் வண்டி, மணல் வண்டி வந்தா மணல் வண்டி. ஒருநாள் பொணம் ஏத்திகினு போற வண்டில கூட போனேன். டிரைவரு நல்ல பையன்" என்றார். நாற்பத்தொரு வயது செல்வம், பெண் கிடைக்காததால் கணக்கிலேயே வராதவர். தன் பெயர் நோட்டில் ஏறியதும் எட்டிப்பார்த்து, "ஒன்னுன்னே போட்டுகீறியா ரேவதி?" என்று இரண்டு தரம் கேட்டார். முழுசாக ஒன்று என்று சொன்னதும் எங்களோடு தெருக்கோடி வரை வந்தார்.

லைன் வீட்டு வாசலில் நைனா சற்றுத் தயங்கினார். ஒரே வரிசையில் ஆறு அறை. சமையல் புகை. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றி, உருளைக்கிழங்கு மசியலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டதைக் கைலாஷ் என்பவர் மொழிபெயர்த்தார். ஏழு வருடம் இங்கே இருந்து, தமிழை நைனாவைப் போலவே பேசுகிறவர். "பேரு எழுதிக்கினு போயி போலீசுல குடுப்பாங்களான்னு கேக்கறாங்கோ. நான் சொன்னேன், இல்லடா, பஸ்ஸுக்குன்னு. நம்பல." நைனா முன்னால் வந்து, "டேய், பஸ்ஸுக்குத்தான்டா. நானே சொல்றேன்ல" என்றார். அறைக்கு அறை கூப்பிட்டுக் கைலாஷ் பெயர் சொல்லச் சொல்ல, ரேவதி எழுதினாள். மொத்தம் நாற்பத்து மூன்று. கிளம்பும்போது எங்களுக்கும் ஒரு தட்டு பழைய சோறு வந்தது. நைனா நின்றபடியே சாப்பிட்டார். "நம்மூட்டு பழையதுதாம்மா, வெங்காயம்தான் கொஞ்சம் தூக்கலா கீது" என்றார்.

ஞாயிறு மாலை கூட்டிப் பார்த்தோம். அறுநூற்றுப் பதினொன்று. நைனா நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். "நம்ம ஊர்ல இத்தினி பேரா?" என்றார். அதில் ஐந்து மணி வண்டி வந்தால் கட்டாயம் ஏறுவேன் என்று சொன்னவர்களைத் தனியாகக் குறித்தேன். ஒடிசாக்காரர்கள், சரசா, கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ரேவதி. முப்பத்தாறு.

திங்கள் காலை எட்டு மணி வண்டியில் பணிமனைக்குப் போனோம். கிளை மேலாளர் அறையில் சுவர் முழுக்கத் தடம் வாரியாக நேர அட்டவணை. நான் வணக்கம்கூடச் சொல்லாமல் அதன் முன்னால் போய் நின்றுவிட்டேன். பக்கத்து ஊரில் இரவு தங்கும் ஒரு வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பி, ஈச்சங்கண்டிகை பாதை முனையைத் தாண்டி நெடுஞ்சாலையோடு கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. "சார், இதை உள்ளே திருப்பிவிட்டால் பன்னிரண்டே நிமிடம்தான் கூடும். நாங்கள் நடந்து பார்த்தோம், பஸ் திரும்ப டாங்க் பக்கம் இடம் இருக்கிறது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் செய்யும் வேலையைச் சொன்னேன். அப்புறம் அரை மணி நேரம் நாங்கள் பேசியது நைனாவுக்கும் ரேவதிக்கும் சுத்தமாகப் புரியவில்லை. எனக்கு அந்தப் பயணத்தின் மிக இன்பமான அரை மணி அது.

"நூத்தி நாலுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்றார் மேலாளர் நைனாவிடம்.

"அது தலைக்கட்டு சார்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "எங்க ஊர்லயும் எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு" என்றார். பிறகு கறாராகச் சொன்னார்: "புதன், வியாழன் ரெண்டு நாள் வண்டிய உள்ள விடறேன். உங்க ஊர்ல முப்பத்தஞ்சு பேர் ஏறணும். ரெண்டு நாளும் ஏறணும். ஒருநாள் கொறஞ்சாலும் வண்டி நேரா போயிடும், என்ன ஒன்னும் கேக்கக்கூடாது." நியாயமான மனிதர். அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தால் நாற்பது கேட்டிருப்பேன்.

செவ்வாய் முழுவதும் ஊரில் திருவிழா மாதிரி இருந்தது. டாங்க் பக்கம் வண்டி திரும்பும் இடத்தில் செல்வம் மண் நிரவினார். ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்திவிட்டு, நைனா அஞ்சு மணி வண்டியைப் பற்றி மூன்று முறை அறிவித்தார்.

எனக்குப் புதன் மதியம் விமானம். அதனால் முதல் வண்டியில் நானும் கிளம்புவது என்று முடிவானது. நாலரைக்கே எல்லாரும் டாங்க் அருகில் கூடிவிட்டார்கள். பனி. கம்பளி, மப்ளர், சரசாவின் காலிக் கூடைகள். நைனா கோயில் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றார். ஐந்து ஏழுக்குத் தூரத்தில் நெல்வயல் நடுவே இரண்டு விளக்கு திரும்பியது. என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். இருபத்தெட்டு வருடமாகப் பஸ் வருவதைப் பார்க்கிறவள். எனக்கு இப்படி அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஏறினார்கள். நைனா கோடு போட்டார். நானும் மனசுக்குள் எண்ணினேன். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. அப்புறம் யாரும் இல்லை. கைலாஷ் இறங்கி ஓடிவந்தார். "ரெண்டு பேரு ஊருக்கு போய்ட்டானுங்கோ நைனா. தங்கச்சி கல்யாணம். ராத்திரிதான் சொன்னானுங்கோ."

நான் படியில் கால் வைத்தேன். நைனா கோடு போட்டார். முப்பத்தைந்து.

"நைனா, என்னை எண்ணாதீர்கள். நான் ஊர் ஆளில்லை. நாளைக்கு வரமாட்டேன்" என்றேன். தொழில் புத்தி. பொய் எண்ணிக்கையில் ஓட்டிய பஸ் நிலைக்காது.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். "ஏறினவங்களதான் எண்ணணும்னு நீதான சொன்ன? நீ ஏறிட்ட. போ, உள்ள போய் குந்து."

கண்டக்டர் இயந்திரத்தில் பெண்களுக்கெல்லாம் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக்கொண்டே வந்தார். எனக்கும் ஒன்று. முப்பத்தைந்தாவது சீட்டு அது. பர்ஸில் வைத்துக்கொண்டேன். ரேவதி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், காலில் அந்த ஷூ. வண்டி நகரும்போது கஸ்தூரி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே நடந்தார். "சாப்ட மறந்துடாத" என்று மட்டும் சொன்னார். கம்பெனி வேனுக்கு மாறாமல் இதே வண்டியில் வந்து, தொழிற்பேட்டை வளைவில் ரேவதி இறங்கினாள். டக் டக் என்று நடந்து, கம்பெனி வாசலில் வரிசையில் போய் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்து, கையைத் தூக்காமல், ஷூக்காலை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

விமானம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. முப்பத்து நான்கு. நாளைக்கு முப்பத்து நான்குதான். ஒரு தலை. ஒரே ஒரு தலையில் எத்தனை தடங்களை நானே வெட்டியிருக்கிறேன் என்று முதல் முறையாக யோசித்தேன். நல்ல யோசனையாக இல்லை.

வியாழக்கிழமை மாலை கிள்ளானில் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தது. ரேவதி ஒரு படம் அனுப்பியிருந்தாள். கோயில் நோட்டின் கடைசிப் பக்கம். ஐந்து ஐந்தாகக் கோடுகள், ஏழு கட்டு. கீழே வட்டம் போட்டு முப்பத்தைந்து. பட்டறையிலிருந்து முருகனைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் கிரீஸ் கையோடு ஓடிவந்து, படத்தைப் பார்த்து, கோடுகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

யார் அந்த ஒருவர் என்று கேட்டு எழுதினேன். ரேவதியின் குரல்பதிவு வந்தது. பின்னால், ஷிப்டு முடிந்து திரும்பும் பஸ்ஸின் உறுமல். "நைனாதான் அத்த. கோடு போட்டுகினே இருந்தாரு, ஒன்னு கொறையுதுன்னாரு, நோட்ட மடிச்சி ஏறிட்டாரு. எங்க போறீங்கன்னு கண்டக்டரு கேட்டதுக்கு, அது ஒனக்கு இன்னாத்துக்கு, சீட்டு குடுன்றாரு. எளாவூர்ல எறங்கி டீ குட்ச்சிகினு, எட்டு மணி வண்டில ஊட்டுக்கு போய்ட்டாராம். வண்டி இனிமே தெனோம் வரும்னு மேனேஜரு சொல்லிட்டாரு."

அது கள்ளக் கணக்கு, அவரைக் கழித்துவிட்டு எழுது என்று பதில் தட்டத் தொடங்கினேன். முருகன் பக்கத்திலேயே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தட்டியதை அழித்துவிட்டேன்.